அளந்து கொடுத்தால் ஒலி கெடாது

சுங்கை வே,
சிலாங்கூர்.

அன்புத் தங்கைக்கு,

உன் மடல் கிடைத்தது. கல்லூரி வானொலி அறையில் மடிக்கணினியை மிக்சரோடு இணைத்தால் பாட்டு அடங்கிக் கேட்கிறது, மிக்சரில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறது என்று எழுதியிருந்தாய். சவுண்ட் கார்டு சரியில்லை போலும், வேறு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். இப்போதைக்கு வாங்காதே. உன் கணினியிலும் பழுதில்லை, மிக்சரிலும் பழுதில்லை. ஒன்று கொடுக்கும் மின்னழுத்தமும் மற்றது எதிர்பார்க்கும் மின்னழுத்தமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

நம் ஶ்ரீ செத்தியா நிலையத்தில் கோலாலம்பூர் பக்கம் போகும் கொம்யூட்டர் ரயிலில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் அங்காசாபுரி. மின்னல் எஃப்எம்மை நடத்தும் ஆர்டிஎம்மின் தலைமையகம் அங்கேதான். அதுபோன்ற ஒலிபரப்புக் கூடங்களின் கருவிகளுக்கு ஓர் அளவு, நம் வீட்டு வரவேற்பறைக் கருவிகளுக்கு வேறோர் அளவு. உலகம் முழுக்க இதுதான் வழக்கம். வீட்டுக் கருவியின் அளவை மைனஸ் 10 டிபிவி என்பார்கள், அதாவது 0.316 வோல்ட். தொழில்முறைக் கருவியின் அளவு பிளஸ் 4 டிபியு, அதாவது 1.228 வோல்ட். வெறும் எண்களைப் பார்த்து 14 டெசிபெல் இடைவெளி என்று கணக்குப் போட்டுவிடாதே. டிபிவி 1 வோல்ட்டிலிருந்து எண்ணுவது, டிபியு 0.775 வோல்ட்டிலிருந்து எண்ணுவது. உண்மையான இடைவெளி 11.8 டெசிபெல், ஏறக்குறைய நான்கு மடங்கு.

அது என்ன 0.775? தொலைபேசிக் காலத்துச் சொத்து. 600 ஓம் கம்பி இணைப்பில் ஒரு மில்லிவாட் திறன் செலவாக வேண்டுமானால் அந்த மின்னழுத்தம் வேண்டும். அமெரிக்காவில் பெல் ஆய்வகமும் சிபிஎஸ், என்பிசி வானொலிகளும் கூடி 1939இல் ஒலி மட்டம் காட்டும் வியூ மீட்டரை ஒழுங்குபடுத்தியபோது, அதன் 0 குறியைப் பிளஸ் 4இல் வைத்தன. கம்பியும் வால்வும் போய்விட்டன, அந்த அளவு மட்டும் தங்கிவிட்டது.

கணினிக்குள் கதை வேறு. அங்கே வோல்ட் கிடையாது, எண்கள்தாம். எழுதக்கூடிய ஆகப் பெரிய எண்ணுக்கு 0 டிபிஎஃப்எஸ் என்று பெயர். அதற்கு மேல் இடமில்லை, மீறினால் அலையின் தலை வெட்டுப்படும். அப்படிக் கெட்ட ஒலியை ஒலிபரப்பியில் இருக்கும் எந்த லிமிட்டரும் சரிசெய்யாது. பால் காய்ச்சுகிறவர்கள் பாத்திரத்தின் விளிம்பு வரை ஊற்றுவதில்லை. அதுபோல ஒலிபரப்பாளர்களும் மேலே இடம் விட்டே வேலை செய்கிறார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் முறையில் ஒப்பு மட்டம் மைனஸ் 18 டிபிஎஃப்எஸ், அது பெரும்பாலும் 0 டிபியுவுக்குச் சமம். அமெரிக்க எஸ்எம்பிடிஇ முறையில் மைனஸ் 20, அது பிளஸ் 4 டிபியுவுக்குச் சமம். உன் அறை எதைப் பின்பற்றுகிறது என்று பொறுப்பாளரிடம் முதலில் கேட்டுக்கொள். ஒரே அறையில் இரண்டையும் கலக்கக் கூடாது.

இனி அளக்கும் வேலை. நம் ஊர்த் தடையில்லா வாணிப மண்டலத்தின் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த அக்காமார் யாரையாவது கேட்டுப் பார். சோதனை மேசையைத் தாண்டாமல் எந்தப் பலகையும் பெட்டிக்குள் போகாது என்பார்கள். நீயும் அப்படியே செய்.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 200 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை உருவாக்கு. வீச்சு என்ற இடத்தில் 0.126 என்று கொடு, அதுதான் மைனஸ் 18. பொறியாளர்கள் வழக்கமாக 1,000 ஹெர்ட்ஸ் வைப்பார்கள். ஆனால் மலிவு மல்ட்டிமீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அளக்கப் பிறந்தவை, மேலே போகப் போகத் தப்பாகக் காட்டும். விண்டோஸ் சத்தத்தையும் மென்பொருள் சத்தத்தையும் முழுதாகத் திறந்துவிடு. ஒலியை மெருகேற்றும் வசதிகள் இருந்தால் அணைத்துவிடு. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஹெட்போன் துளையில் செருகிய வயரின் நுனியை அள.

உன் சவுண்ட் கார்டின் உச்ச அளவு மீட்டரில் 1 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம், பல மடிக்கணினிகள் அதையொட்டித்தான் தருகின்றன. அப்படியானால் மீட்டர் 0.126 வோல்ட் காட்டும். ஐரோப்பிய முறைப்படி மிக்சருக்கு வேண்டியது 0.775. குறை ஆறு மடங்குக்குச் சற்று அதிகம், அதாவது 15.8 டெசிபெல். இந்த ஓர் எண் கையில் இருந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. மிக்சரில் அந்தத் தடத்தின் கெயினை அவ்வளவு ஏற்று, ஃபேடரை அதன் 0 குறியில் விடு. கெயினைக் குறைவாக வைத்து ஃபேடரிலும் கடைசி வெளியீட்டிலும் தள்ளித் தள்ளி ஈடுகட்டினால், வழியில் சேர்ந்த இரைச்சலும் கூடவே பெரிதாகும். உனக்கு நடந்தது அதுதான்.

அடுத்தது கேபிள். 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜேக்கில் நுனி இடது ஒலி, நடு வளையம் வலது ஒலி. மிக்சரின் பேலன்ஸ்டு உள்ளீட்டிலும் அதே மூன்று தொடுப்பு உண்டு, பொருள் வேறு. அது இரண்டு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், பொதுவானதை இரைச்சல் என்று தள்ளிவிடும். ஸ்டீரியோ கேபிளை நேராக அதில் செருகினால் இடதிலிருந்து வலது கழிந்துபோகும். நடுவில் நிற்கும் பாடகர் குரல் காணாமல் போய், ஓரத்து வயலின்கள் மட்டும் கேட்கும். பழைய மோனோ பாட்டு என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது. இடது, வலது இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து இரண்டு உள்ளீடுகளுக்குக் கொடு. எக்ஸ்எல்ஆர் செருகி என்றால் இரண்டாம் முள்ளில் ஒலி, மூன்றாம் முள்ளில் கணினியின் தரைக் கம்பி, முதல் முள்ளில் கேபிளின் கவசம்.

மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியதும் 'ம்ம்ம்' என்று முனகல் வந்தால் அது தரைச் சுற்று. சார்ஜரின் எர்த் முள்ளை முறித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, உயிருக்கு ஆபத்து. அதற்கு மருந்து டிரான்ஸ்ஃபார்மர் உள்ள தனிப்படுத்தும் பெட்டி. 1க்கு 4 சுற்று விகிதம் உள்ளதாகக் கிடைத்தால் முனகலும் போகும், மின்சாரச் செலவில்லாமல் 12 டெசிபெல்லும் ஏறும். ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் விசாரித்துப் பார்.

மிக்சரிலிருந்து கணினிக்குப் பதிவு எடுக்கும்போது வழி தலைகீழ். அங்கே குறைக்க வேண்டும். வரிசையில் 3 கிலோ ஓம், குறுக்கே 1 கிலோ ஓம் என இரண்டு தடைகளைச் சாலிடர் செய்தால் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆனால் அது லைன் உள்ளீட்டுக்கு மட்டும். மைக் துளை மில்லிவோல்ட்டில் வேலை செய்வது, அதற்கு இந்தக் குறைப்பும் போதாது. லைன் உள்ளீடு இல்லாத கணினி என்றால், அப்போது யுஎஸ்பி ஒலிப்பெட்டி ஒன்று வாங்குவது நியாயம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதே. மைனஸ் 18 என்பது கருவிகளை ஒன்றோடொன்று பொருத்தும் அளவு. நேயர் காதுக்கு நிகழ்ச்சி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பது வேறு கணக்கு. அதை அளக்க 2006இல் பிஎஸ் 1770 என்ற முறை வந்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் ஆர் 128 பரிந்துரையில் மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் என்று இலக்கு வைத்தது. முதல் கணக்கு சரியான பிறகே இரண்டாவதுக்குப் போ.

கடைசியாக, கணினியின் அறிவிப்பு ஒலிகளை எல்லாம் அணைத்துவிடு. இல்லையேல் செய்தி வாசிக்கும் நடுவில் மின்னஞ்சல் மணியும் ஒலிபரப்பாகும். அளந்த வோல்ட், வைத்த கெயின், எந்த ஒப்பு மட்டம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி மிக்சரின் ஓரத்தில் ஒட்டு. உனக்குப் பின்னால் அந்த நாற்காலியில் உட்காரும் மாணவனுக்கு அது உதவும். அந்த எண்களை எனக்கும் அனுப்பு, சரிபார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்