ஆண் வேடம் பூண்ட மாணவி

சீனத்துப் பழங்காதற் கதைகளுள் லியாங் ஷான்போ, சூ யிங்தாய் என்னும் இருவர் கதை தலையாயது. ஹாங்காங்கின் ஷா சகோதரர் நிறுவனம் 1963-இல் அதனைப் படமாக்கியது. இயக்கியவர் லீ ஹான்சியாங். 'தி லவ் எட்டர்ன்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். அதனைக் காதற்படம் என்று மட்டும் கொள்ளுதல் போதாது. கல்வி வேட்கையே அக்கதையின் வித்து.

கதை நிகழ்வது பழஞ்சீனத்தில். பெண்ணுக்குப் பள்ளியில் இடமில்லாத காலம் அது. யிங்தாய் செல்வர் மகள், கற்க விழைகிறாள். நோயுற்றவள்போல் நடித்து, பின் மருத்துவராக மாறுவேடம் பூண்டு, பெற்றோரின் இசைவைப் பெறுகிறாள். ஆணுடை அணிந்து ஹாங்சௌ நகரில் மூன்றாண்டு பயில்கிறாள். உடன் பயிலும் ஷான்போ அவளைத் தம்பியாகவே எண்ணுகிறான். பிரியும் நாளில், வழிநெடுக அவள் குறிப்பால் உணர்த்தியும் அவனுக்கு விளங்கவில்லை. பின்னர் உண்மை அறிந்து அவன் ஓடி வருகிறான். அதற்குள் தந்தையார் அவளை வேறிடத்தில் நிச்சயித்துவிட்டார். அவன் நோயில் வீழ்ந்து மாள்கிறான். அவளுடைய மண ஊர்வலம் அவன் கல்லறையை அடைகிறது. கல்லறை பிளக்க, அவள் உட்புகுகிறாள். இருவரும் வண்ணத்துப்பூச்சிகளாகின்றனர்.

ஹுவாங்மெய் என்னும் நாட்டுப்புற இசை நாடக முறையில் படம் அமைந்துள்ளது. யிங்தாயாக லோ டி நடித்தார். ஷான்போவாக நடித்த லிங் போவும் ஒரு பெண்ணே! அதற்கு முன் அவர் பின்னணி பாடியவர். தைவானின் தங்கக் குதிரை விழாவில் அவ்வாண்டின் சிறந்த நடிகை பரிசு லோ டிக்குக் கிடைத்தது. ஆணாக நடித்த லிங் போவுக்குச் சிறப்புப் பரிசு அளிக்கப்பட்டது.

இம்மரபு நமக்குப் புதிதன்று. 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1941-இல் 'சாவித்திரி' படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதரானார். வரதய்யபாளையத்தைச் சூழ்ந்த சித்தூர், திருப்பதிச் சீமையின் பாரதக் கூத்துகளில் ஆடவர் திரௌபதியாக ஆடுவதும் நெடுநாள் வழக்கம். மேடையில் வேடம் கலையாகிறது. பள்ளி வாயிலில் பெண் வேடம் பூண நேர்ந்தாலோ, அது சமுதாயத்தின் குறை.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. நம் 'அம்பிகாபதி' கதை 1937-இலும் 1957-இலும் தமிழில் படமாக வந்தது. அங்கே காதலைக் கொல்வது அரசாணை. இங்கே கொடுங்கோல் மன்னன் யாருமில்லை. மகளைப் படிக்க அனுப்பிய அதே தந்தைதான், மணம் என்றதும் அவள் சொல்லுக்குச் செவி சாய்க்க மறுக்கிறார். சிந்திக்கக் கற்பித்துவிட்டு, சிந்தித்ததைச் சொல்லாதே என்கிறார். இத்துயரத்தின் வேர் இதுவே.

இன்று எந்தப் பெண்ணும் ஆணுடை அணிந்து நம் வகுப்புக்கு வரவேண்டியதில்லை. ஆயினும் பட்டம் பெற வீட்டில் இசைவு பெற்ற தோழியர் எத்தனைபேர், தம் வாழ்வைத் தாமே தெரிந்தெடுக்கவும் இசைவு பெற்றுள்ளனர்? கல்லறை பிளந்த பின் வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டு கண்ணீர் விடுதல் எளிது. உயிரோடிருக்கும்போதே மகளின் சொல்லைக் கேட்கும் வீடே கற்றவர் வீடு. நாளை பெற்றோராகப் போகும் மாணவ நண்பர்காள், இதனை நெஞ்சிற் கொள்வீர்!