புளி போட்டுத் தேய்க்காதீர்கள்: நாணயம் சேர்க்கத் தொடங்குவோருக்கு

நாணயம் சேர்க்க நிறையப் பணம் வேண்டும் என்று நினைத்தே பல பிள்ளைகள் தொடங்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆரம்பத்தில் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு, வீட்டு உண்டியல் இவை போதும். கடைக்குப் போவதெல்லாம் பிறகு.

செய்ய வேண்டியவை

• புழக்கத்தில் உள்ள சில்லறையிலிருந்தே தொடங்குங்கள். ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை நாணயச்சாலை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. எல்லாச் சாலைகளும் எல்லா ஆண்டும் எல்லா நாணயங்களையும் அடிப்பதில்லை. எது கிடைக்கவில்லை என்று தேடுவதில்தான் ருசியே இருக்கிறது.

• ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். 1992க்குப் பின் வந்த வழக்கமான ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு, காந்தத்தில் ஒட்டும். எண்பதுகளின் ஒரு ரூபாய் செம்பும் நிக்கலும் கலந்தது, ஒட்டாது.

• கண்டதையெல்லாம் குவிக்காமல் ஒரு தலைப்பைப் பிடியுங்கள். தமிழகத் தொடர்புள்ள நினைவு நாணயங்கள் நல்ல தொடக்கம்: 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் 2 ரூபாய், 2009இல் அண்ணா நூற்றாண்டுக்கு வந்த 5 ரூபாய், 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 5 ரூபாய்.

• வீட்டுப் பெரியவர்களைப் பேச வையுங்கள். 1957 ஏப்ரல் 1ஆம் தேதிதான் ரூபாய்க்கு நூறு காசு என்ற கணக்கு வந்தது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. ஓட்டைக் காலணாவைப் பாட்டியிடம் காட்டினால் அதற்கு என்ன வாங்கலாம் என்று சொல்லக்கூடும். அந்த ஓட்டை அழகுக்காகப் போட்டதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது செம்பை மிச்சப்படுத்த 1943இலிருந்து போட்டது.

• எங்கே, யாரிடம், எப்போது, என்ன விலைக்குக் கிடைத்தது என்பதை அன்றே எழுதிவிடுங்கள்.

• சென்னைக்கு வந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதியைப் பாருங்கள். அசல் எப்படி இருக்கும் என்று கண் பழகும்.

செய்யக்கூடாதவை

• கழுவாதீர்கள். இதற்கு விதிவிலக்கு தேடவும் வேண்டாம். செம்பைக் கண்டால் புளி, வெள்ளியைக் கண்டால் விபூதி என்பது நம் வீட்டுப் பழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. நாணயத்தில் அந்தக் கருமை பல ஆண்டுகளாக உலோகத்தின் மேல்படிந்த தோல். உள்ளிருப்பதை அது காக்கவும் செய்கிறது. புளியின் அமிலம் அதை அரித்துவிடும். விபூதி மெல்லிய கீறல்களைப் போடும். பளபளவென்று மின்னும் பழைய காலணாவைப் பார்த்ததும் அனுபவசாலி விலையைக் குறைத்துவிடுவார். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊற வைத்து, தேய்க்காமல், துணியால் ஒற்றி எடுங்கள். அதுவே அதிகபட்சம்.

• முகப்பைத் தொடாதீர்கள், விளிம்பைப் பிடியுங்கள். வழவழப்பான மலிவு பிவிசி உறைகளில் நெடுநாள் வைக்காதீர்கள். செம்பில் பச்சைப் பிசுக்கு ஏறும்.

• வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் விலை என்று வரும் செய்திகளை நம்பாதீர்கள். அது ஏராளமாக அடித்துப் புழக்கத்தில் விட்ட நாணயம். பழைய நாணயங்களை வாங்கித் தருவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. அந்த வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது. முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

• ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று ஆண்டு. இப்படி ஒன்றை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். கம்பெனி அப்படியொரு நாணயத்தை வெளியிட்டதே இல்லை. அரிசியை இழுக்கும் சக்தி இதற்கு உண்டு என்று சொல்லி லட்சங்களை இழக்க வைக்கும் கூட்டமும் இருக்கிறது. படித்தவர்களே ஏமாறுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

• பழசு என்றாலே விலை அதிகம் என்று நினைக்காதீர்கள். ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு ஆயிரம் ஆண்டு பழையது. ஆனாலும் நிறையக் கிடைப்பதால், தேய்ந்த காசுகள் மாணவர்களின் கைக்கு எட்டும் விலையிலேயே விற்கின்றன.

• வயலிலோ கட்டட வேலையிலோ மண்ணுக்குள்ளிருந்து புதையல் வந்தால் ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ளாதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த நாணயத்தை வெளிநாட்டு மாமாவுக்குப் பரிசாக அனுப்பவும் கூடாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது. மாமாவுக்கு அண்ணா நூற்றாண்டு 5 ரூபாயைக் கொடுங்கள்.