விற்கும் வரை யார் காவல்?

கேள்வி: அப்பா காலமானபின் கும்பகோணத்து வீட்டை விற்க இருக்கிறோம். நாங்கள் சென்னையில். பூட்டிக் கிடக்கும் வீட்டை எப்படிப் பாதுகாப்பது?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: 'வீடு விற்பனைக்கு' என்று கேட்டில் போர்டு தொங்கினால் முதலில் அதைக் கழற்றுங்கள். உள்ளே ஆளில்லை என்று அது ஊருக்கே தண்டோரா போடுகிறது. சாவியைப் புரோக்கரிடம் கொடுக்காதீர்கள். நாலு கை மாறிய சாவிக்கு எத்தனை நகல் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? கொடுத்துவிட்டீர்களா, பூட்டையே மாற்றுங்கள். நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரர் கூடவே இருந்து திறந்து காட்டட்டும். பித்தளை அண்டா, குத்துவிளக்கை இப்போதே எடுத்து வந்துவிடுங்கள். கும்பகோணத்தில் பாத்திரத்தின் மதிப்பு தெரியாதவர் யார்! வாசல் பெருக்கிக் கோலம் போட ஓர் அம்மாவை அமர்த்துங்கள். வீடு பூட்டியிருப்பதை உள்ளூர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் ரோந்து வருபவர்கள் ஒரு கண் வைப்பார்கள்.

பண்டபாத்திரத்தைவிட எனக்குப் பயம் பத்திரத்தைப் பற்றித்தான். ஆள்மாறாட்டம் செய்து விற்பவர்களுக்கு ஆளில்லாத வீடுதான் தோது. வாங்க வருபவர் நகல் கேட்பது நியாயம். அதன் குறுக்கே 'சரிபார்க்க மட்டும்' என்று எழுதி, தேதியும் பெயரும் போட்டுக் கொடுங்கள். மூலப்பத்திரம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகவே பார்க்கலாம். வீடு விற்கும்வரை மாதம் ஒருமுறை பாருங்கள்.