பூட்டிய கடிதமும் அதன் சாவியும்

க.பொ.த. உயர்தரம், 2ஆம் வருடம்

வட்ஸ்அப்பில் புதிதாக ஒருவரோடு உரையாடத் தொடங்கும்போது திரையின் மேற்பகுதியில் சிறிய பூட்டுப் படத்துடன் ஓர் அறிவித்தல் தோன்றும். இந்த உரையாடலுக்கு வெளியே உள்ள எவராலும், வட்ஸ்அப் நிறுவனத்தாலும்கூட, இதனை வாசிக்க முடியாது என்பதே அதன் கருத்து. எம்மில் பலர் அதை வாசிக்காமலே கடந்து போகிறோம். ஆனால் அந்தப் பூட்டு அப்படியே இருக்க வேண்டுமா, அரசாங்கங்களிடம் அதற்கு ஒரு மேலதிகச் சாவி இருக்க வேண்டுமா என்பது இன்று உலகில் தொழினுட்பம் பற்றி நடக்கும் பெரிய விவாதங்களில் ஒன்றாகும். எமது குடும்பக் குழுமமும் வகுப்புக் குழுமமும் அதே பூட்டினால்தான் பாதுகாக்கப்படுகின்றன. எனவே அதை விளங்கிக்கொள்வது எமக்கும் அவசியமாகும்.

இரகசிய எழுத்தின் கதை

ஒரு செய்தியை உரியவர் தவிர வேறெவருக்கும் விளங்காதபடி மாற்றி எழுதுவதே மறைகுறியாக்கம். இதனை என்கிரிப்ஷன் என்றும் கூறுவர். உரோமத் தளபதி ஜூலியஸ் சீசர், ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அகரவரிசையில் அதிலிருந்து மூன்று எழுத்துத் தள்ளி வரும் எழுத்தை எழுதித் தகவல் அனுப்பினார் என்பது வரலாறு.

இத்தகைய எழுத்தை உடைப்பது எப்படி என்று எழுதி வைத்தவர்களில் மிகப் பழையவராக அறியப்படுபவர் ஒரு முஸ்லிம் அறிஞர். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் கிந்தியே அவர். எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில அரிதாகவே வரும். மறைத்து எழுதிய செய்தியில் எந்தக் குறி அதிகம் வருகிறது என எண்ணிப் பார்த்தால், அது எந்த எழுத்தைக் குறிக்கிறது என ஊகிக்கலாம் என்று அவர் விளக்கினார். கணித பாடத்தில் நாம் வரையும் மீடிறன் அட்டவணை செய்வதும் இதே வேலையைத்தான்.

பழைய முறைகளில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவி. தூரத்தில் இருப்பவருக்கு அந்தச் சாவியை அனுப்புவது எப்படி? வழியில் ஒருவர் அதைப் பிரதி எடுத்துக்கொண்டால் எல்லாம் வீணாகிவிடும். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் இதற்கு ஒரு வழியை வெளியிட்டனர். பூட்டுவதற்கு ஒரு சாவியும் திறப்பதற்கு வேறொரு சாவியும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களது எண்ணம்.

இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒருவர் தனது திறந்த பூட்டுகளைத் தெரிந்தவர்கள் அனைவருக்கும் கொடுத்து வைக்கிறார். அவருக்குக் கடிதம் அனுப்புபவர் அதனைப் பெட்டியில் இட்டு, அந்தப் பூட்டினால் பூட்டி அனுப்புகிறார். திறக்கும் சாவியோ உரியவரின் கையை விட்டு ஒருபோதும் வெளியே போவதில்லை.

பூட்டு இரும்பினால் ஆனதல்ல, கணிதத்தினால் ஆனது. 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ. என்னும் முறையை எடுத்துக்கொள்வோம். 61, 53 ஆகிய இரு முதன்மை எண்களைப் பெருக்கினால் 3233 வரும். இது இலகு. ஆனால் 3233 மட்டும் தரப்பட்டு, எந்த இரு முதன்மை எண்களின் பெருக்கம் எனக் கேட்டால் நேரம் எடுக்கும். அந்த எண் 617 இலக்கங்களைக் கொண்டதாக இருந்தால், இன்றுள்ள கணினிகளாலும் அதன் காரணிகளைக் கண்டுபிடிக்க முடியாது.

வட்ஸ்அப் பயன்படுத்தும் கணிதம் வேறு, ஆனால் அடிப்படை எண்ணம் இதுவே. அந்நிறுவனம் 2016 ஏப்ரலில் தனது பாவனையாளர்கள் அனைவருக்கும் இந்தப் பாதுகாப்பை வழங்கியது. திறக்கும் சாவி எமது கைத்தொலைபேசியிலேயே உருவாகி அங்கேயே இருக்கிறது. இடையிலுள்ள கணினிகள் பூட்டிய பெட்டியைச் சுமந்து செல்லும் தபாற்காரர் போன்றவை மட்டுமே.

நல்லவருக்கு மட்டும் ஒரு சாவி?

குற்றவாளிகளும் இதே பூட்டைப் பயன்படுத்துகிறார்களே என்ற கேள்வி நியாயமானது. 2015 டிசம்பரில் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் நடந்த தாக்குதலில் 14 பேர் கொல்லப்பட்டனர். தாக்கியவரின் கைத்தொலைபேசியைத் திறக்க உதவும்படி அப்பிள் நிறுவனத்துக்கு நீதிமன்றம் கட்டளையிட்டது. அதற்கென ஒரு மென்பொருளை உருவாக்கினால் எல்லோருடைய தொலைபேசிகளும் ஆபத்துக்குள்ளாகும் எனக் கூறி நிறுவனம் மறுத்தது. இறுதியில் 2016 மார்ச்சில் புலனாய்வுத் துறை வேறொரு தரப்பின் உதவியுடன் அதைத் திறந்து, வழக்கை வாபஸ் பெற்றது.

பொலிஸாருக்கு மட்டும் ஒரு சாவி கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு கிரேக்க நாட்டில் நடந்தது நல்ல பாடமாகும். அங்கு ஒரு தொலைபேசி நிறுவனத்தின் கருவிகளில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கான வசதி அமைந்திருந்தது. 2004, 2005ஆம் ஆண்டுகளில் யாரோ இரகசியமாக நுழைந்து அந்த வசதியையே பயன்படுத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டனர். அவற்றுள் நாட்டின் பிரதமருடைய தொலைபேசியும் ஒன்று! சட்டத்துக்காக வைத்த கதவு, சட்டத்தை மீறியவர்களுக்கும் வழிவிட்டது. நல்லவர் யார், கெட்டவர் யார் எனப் பிரித்தறியும் பூட்டை இதுவரை எவரும் செய்ததில்லை.

"மறைப்பதற்கு எதுவும் இல்லாதவர் ஏன் பயப்பட வேண்டும்?" என்றும் சிலர் கேட்பர். வங்கி அட்டையின் இலக்கம், உம்மாவின் மருத்துவ அறிக்கை, கல்யாண வீட்டில் பெண்கள் மத்தியில் எடுத்த புகைப்படம் ஆகிய எதுவும் குற்றமல்ல. ஆனால் அவை எல்லோருடைய கண்களுக்கும் உரியவை அல்ல. பிறரைத் துருவித் துருவி ஆராய்வதை ஸூரா அல் ஹுஜுராத் தடை செய்கிறது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தின் 12ஆவது உறுப்புரையும் ஒருவரின் அந்தரங்கத்தையும் கடிதத் தொடர்பையும் பாதுகாக்கிறது.

பூட்டு காக்காத இடங்கள்

இந்தப் பூட்டு வழியில் மட்டுமே காவல் செய்யும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

• மறுமுனையில் இருப்பவர் ஸ்கிரீன் ஷொட் எடுத்தால் அல்லது வேறொருவருக்கு அனுப்பினால் அதைத் தடுக்க முடியாது.

• யார் யாருடன் எப்போது தொடர்புகொண்டார் என்ற விபரத்தை இந்தப் பூட்டு மறைப்பதில்லை. கடிதம் மூடியிருந்தாலும் உறையின் மேலுள்ள முகவரி வெளியே தெரிகிறதல்லவா?

• இணையத்தில் சேமிக்கப்படும் உரையாடற் பிரதிக்கு இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைப்பதில்லை. அமைப்புகளுக்குள் சென்று நாமே அதனைச் செயற்படுத்த வேண்டும்.

• குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்கச் சரிபார்ப்பு எண்ணை யாருக்காவது சொன்னால், எமது கணக்கே அவர் கைக்குப் போய்விடலாம். தோழியின் இலக்கத்திலிருந்து கேட்டாலும் அதைக் கொடுக்கக் கூடாது. இருபடிச் சரிபார்ப்பை இன்றே செயற்படுத்திக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

எமது பாதுகாப்பில் நீங்கள் கொண்டுள்ள கவலையை நாம் அறிவோம். ஆனால் அந்நியர் ஒருவர் புகைப்படத்தைக் காட்டி ஒரு பிள்ளையை மிரட்டும்போது, அவரது மிகப் பெரிய பலம் அந்தப் பிள்ளையின் பயமாகும். "வீட்டில் சொன்னால் போனைப் பறித்துவிடுவார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள்" என்ற பயத்தில் அவள் மௌனமாகி விடுகிறாள். அந்த மௌனத்தில்தான் மிரட்டுபவர் வாழ்கிறார். பூட்டு இருப்பதால் முறைப்பாடு செய்ய முடியாது என்றும் நினைக்க வேண்டாம். செய்தியைப் பெற்றவரிடம் சாவி இருக்கிறது. அவள் அதைத் தன் விருப்பப்படி உங்களிடமோ பொலிஸாரிடமோ திறந்து காட்டலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அவள் முதலில் உங்களிடம் வருவதற்கு, நீங்கள் கோபப்படும் முன் செவிமடுப்பீர்கள் என்ற நம்பிக்கை அவளுக்கு வேண்டும்.

அன்பின் சகோதரிகளே, எமது சொற்களைக் காக்கும் பூட்டை டிஃபியும் ஹெல்மனும் அவர்களுக்குப் பின் வந்த பலரும் தம் அறிவினால் எமக்குத் தந்துள்ளனர். அதைப் பலவீனமாக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போது, அது யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை எனக் கேட்கத் தெரிந்தவர்களாக நாம் இருக்க வேண்டும். அதேவேளை மற்றவர் நம்பி அனுப்பிய செய்தியும் படமும் எமது கையில் உள்ள அமானிதமாகும். அதனைப் பேணுவது எந்தக் கணிதத்தாலும் முடியாது. அது எம்மால் மட்டுமே முடியும்.