தலையில்லாத் திருவுருவம் தரும் பாடம்



அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்துப் பிரீர் கலைக்கூடத்தில் சுண்ணக்கல்லாலான புத்தர் சிலையொன்று உளது. சீனத்தில் கி.பி. 6ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டது. 1923இல் அங்குச் சேர்ந்தது. தலையும் கைகளும் இல்லை. ஆயினும் அதன் சீவரமெங்கும் மேருமலை, தேவருலகு, நரகம், பகவரின் வரலாறு ஆகியவை மெல்லிய செதுக்குகளாய் அமைந்துள்ளன. அவை கண்ணுக்கு எளிதில் புலப்படா.

முன்னாளில் அறிஞர் கல்மீது தாளை ஒற்றி மைப்படி எடுத்தனர். வளைந்த உருவம் தாளில் தட்டையாயிற்று. ஒவ்வொரு படிக்கும் கல்லைத் தொடவும் நேர்ந்தது. இக்காலத்தில் ஒளிக்கதிரால் மேற்பரப்பை அளந்து, கணினியில் முப்பரிமாண உருவம் சமைத்துள்ளனர். அதில் கல்லின் நிறத்தையும் கறையையும் விலக்கி, மேடுபள்ளத்தை மட்டும் காணலாம். வேண்டிய பக்கத்திலிருந்து வெளிச்சம் பாய்ச்சலாம். 2016இல் இதனைப் பொதுமக்களுக்கும் காட்சியாக வைத்தனர்.

"முகமற்ற சிலையை ஆராய்ந்து ஆவதென்ன?" எனச் சிலர் வினவக்கூடும். முகம் போயினும் பாடம் சீவரத்தில் எஞ்சியிருக்கின்றது; ஊன்றிப் பார்த்தவர்க்கே அது கிட்டிற்று. வந்து பார் என்பதன்றோ தம்மத்தின் அழைப்பு? மலரிட்டு வணங்கியதோடு கடமை தீர்ந்ததென்று நாம் அமர்ந்தால், விட்டுவந்த பழவழக்கத்தையே புதுப்பெயரால் தொடர்ந்தவராவோம். ஆதலின் வணங்குமுன் பாருங்கள், பார்த்ததை ஆராயுங்கள், ஆராய்ந்து தெளிந்ததன்படி ஒழுகுங்கள்.