தடுப்பூசிக்குப் பின் பாதிப்பு: இழப்பீடு கேட்க என்ன வழி?



"ஊசி போட்ட பிறகு பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது, கேஸ் போட்டால் பணம் கிடைக்குமா?" என்று கேட்டு ஆண்டுக்கு இரண்டு மூன்று குடும்பங்களாவது நம் அலுவலகத்துக்கு வருகின்றன. பெரும்பாலோர் கையில் ஒரு காகிதமும் இருப்பதில்லை. சிலர் ஓராண்டு கழித்து வருகிறார்கள். அமெரிக்காவில் கோடி கோடியாகக் கொடுத்தார்கள் என்ற வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுகிறவர்களும் உண்டு. அதனால் இதில் சட்டம் எப்படி நடக்கிறது என்பதை இந்த இதழில் எழுதுகிறேன். தடுப்பூசி போடலாமா வேண்டாமா என்பது இங்கே பேச்சல்ல. போட வேண்டும் என்பதே என் கருத்து. போட்டுக்கொண்டவர்களில் யாருக்காவது அரிதாக உண்மையிலேயே பாதிப்பு வந்தால் அவருக்கு என்ன வழி என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

அந்த அமெரிக்கச் செய்தி பொய்யல்ல, ஆனால் அரைகுறை. 1980களில் அங்கே கக்குவான் இருமல் தடுப்பூசி மீது வழக்குகள் குவிந்தன; மருந்து கம்பெனிகள் தயாரிப்பையே கைவிட ஆரம்பித்தன. அதற்காக 1986ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1988 அக்டோபர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு டோஸின் மீதும், அது தடுக்கும் நோய் ஒவ்வொன்றுக்கும் 75 சென்ட் வரி. அந்த நிதியிலிருந்து இழப்பீடு. யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. எந்தத் தடுப்பூசிக்குப் பின் எவ்வளவு காலத்துக்குள் என்ன பாதிப்பு வந்தால் தடுப்பூசிதான் காரணம் என்று கொள்ளலாம் என ஓர் அட்டவணையே உண்டு. இறப்புக்கு 2,50,000 டாலர். உயிருடன் இருப்பவர் முதல் அறிகுறி தெரிந்த 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் சொல்லாத செய்தி ஒன்று: அங்கே இழப்பீடு பெற்றவற்றில் சுமார் 60 சதவீதம் சமரசமாக முடிந்தவை, தடுப்பூசிதான் காரணம் என்று அந்த வழக்குகளில் அரசு முடிவு செய்யவில்லை. ஆகவே பணம் கொடுத்ததை வைத்து ஊசியின் மீது குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்வது சரியல்ல. பிரிட்டனிலும் 1979 முதல் ஒரு சட்டம் உண்டு. 60 சதவீத ஊனம் என்று உறுதியானால் 1,20,000 பவுண்ட் ஒரே தொகையாகக் கொடுக்கிறார்கள்.

நம் நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டம் இயற்றவில்லை. கொரோனா தடுப்பூசிக்குப் பின் இரண்டு இளம்பெண்களை இழந்த பெற்றோர் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். அந்த வழக்கில் 2022 நவம்பரில் மத்திய அரசு தந்த பதில், ஊசி கட்டாயமாகப் போடப்படவில்லை, இழப்பீடு வேண்டுவோர் அவரவர் வழக்கைச் சிவில் நீதிமன்றத்தில் நடத்தலாம் என்பது. சிவில் வழக்கு என்றால் இரண்டை நிரூபிக்க வேண்டும். ஒன்று, பாதிப்புக்குக் காரணம் தடுப்பூசிதான் என்பது. மற்றது, யாரோ ஒருவரின் கவனக்குறைவு அல்லது மருந்தின் குறைபாடு.

இங்கேதான் சிக்கல். மருந்து தரமானது, போட்ட நர்ஸும் சரியாகத்தான் போட்டார், ஆனாலும் லட்சத்தில் ஒருவருக்கு உடல் ஏற்கவில்லை என்றால் யார் மீது குற்றம் சொல்வது? போலியோ சொட்டு மருந்தால் பல லட்சம் டோஸ்களுக்கு ஒன்று என்ற அளவில் பக்கவாதம் வருவதுண்டு என்பதை மருத்துவ உலகமே ஒப்புக்கொள்கிறது. ஊரார் எல்லோருடைய பாதுகாப்புக்காகப் போடப்பட்ட மருந்தின் சுமையை ஒரு குடும்பம் மட்டும் தாங்குவது நியாயமாக எனக்குப் படவில்லை. தனி நிதி இருந்தால் அந்தக் குடும்பம் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை.

அடுத்து காரணம் பற்றி. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ல் ஊசி போட்டுக்கொண்டார், 17ல் இறந்தார். ஊசிதான் கொன்றது என்று ஊரெல்லாம் பேச்சு. தேசியக் குழு ஆராய்ந்து, அந்த மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை, தற்செயலாக அடுத்தடுத்து நேர்ந்தவை என்று அந்த ஆண்டு அக்டோபரில் சொன்னது. ஒன்றன் பின் ஒன்று வந்தது என்பதால் முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. அதே சமயம் அந்தக் குழு ஆராய்ந்து 'ஊசிதான் காரணம்' என்று முடிவு செய்யும் வழக்குகளும் உண்டு. மருந்தின் இயல்பாலா, தரக் குறைவாலா, போட்டவர் பிழையாலா, ஊசி பயத்தாலா, தற்செயலா என்று பிரித்துச் சொல்வதே குழுவின் வேலை. நீதிமன்றத்தில் அந்த முடிவுக்கு மிகுந்த எடை உண்டு.

ஆனால் யாராவது தெரிவித்தால்தான் குழு ஆராயும். இறப்பு, மருத்துவமனையில் சேர்க்கும் அளவு பாதிப்பு, ஊனம் ஆகியவற்றை 24 மணி நேரத்துக்குள் சுகாதாரத் துறையினர் மேலே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஊசி போட்ட இடத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எழுத்து மூலம் சொல்லுங்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே நேரடியாகவும் தெரிவிக்கலாம். தனி நபரும் தெரிவிக்க வழி செய்ய வேண்டும் என்று 2022 மே 2ல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. பின்னர் விசாரணை அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

தடுப்பூசி அட்டையில் மருந்தின் பெயர், பேட்ச் எண், தேதி மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். சென்ற ஆண்டு ஓர் அத்தா வந்தார். தனியார் கிளினிக்கில் ஊசி போட்ட பிள்ளைக்குத் தொடையில் சீழ்க்கட்டி வைத்து அறுவை செய்ய வேண்டியதாயிற்று. அட்டையில் தேதி மட்டும்தான். ரசீது வாங்கவில்லை. எங்களிடம் போடவே இல்லை என்று கிளினிக் சொல்லிவிட்டது. அதற்கு மேல் வக்கீலாலும் நகர முடியவில்லை. மருத்துவமனையில் சேர்த்திருந்தால் சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.

இறப்பு நேர்ந்தால் நம் மக்கள் தடுமாறும் இடம் பிரேதப் பரிசோதனை. ஜனாஸாவைச் சீக்கிரம் அடக்க வேண்டும், மய்யித்தைக் கீறக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்துவிடுகிறோம். துக்கத்தில் இருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதன் விளைவு தெரிந்திருக்க வேண்டும். பரிசோதனை இல்லாவிட்டால் அதிகாரிகள் குடும்பத்தாரிடம் வாய்மொழியாக விசாரித்து எழுதிக்கொள்வார்கள். அதை மட்டும் வைத்துக் காரணம் சொல்வது கடினம். போதிய தகவல் இல்லை என்று கோப்பு மூடப்படலாம். பிறகு எந்த நீதிமன்றத்திலும் நிற்பது சிரமம். பிள்ளைக்கு வெளியே தெரியாத வேறு நோய் இருந்ததா என்பதும் தெரியாமலே போகும். தேவை கருதி இதை அனுமதித்த உலமாக்கள் உண்டு. அடக்கத்துக்கு அவசரப்படும் முன் உங்கள் பள்ளி இமாமிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளும் அந்த நேரத்தில் குடும்பத்தை அவசரப்படுத்த வேண்டாம்.

எங்கே வழக்குப் போடுவது என்பது பணம் கொடுத்தீர்களா இல்லையா என்பதைப் பொறுத்தது. தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட்டிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. எல்லோருக்கும் இலவசமாகச் சேவை தரும் அரசு நிலையத்தில் போட்டிருந்தால் நுகர்வோர் ஆணையம் எடுக்காது. 1995ல் உச்ச நீதிமன்றம் அப்படி வகுத்தது. அங்கே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அல்லது சிவில் வழக்கு. அரசு மீது சிவில் வழக்கு என்றால் பொதுவாக இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்த பிறகே தொடுக்க முடியும். கால வரம்பு வழக்குக்கு வழக்கு மாறும் என்பதால் வக்கீலைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். புதிய தடுப்பூசியின் ஆய்வில் தன்னார்வலராகச் சேர்ந்தவர்களின் நிலை வேறு. ஆய்வால் பாதிப்பு வந்தால் அதை நடத்தும் நிறுவனம் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்பவர்களுக்கு: 1987ம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். பாதிக்கப்பட்டது பிள்ளை என்றால் பிள்ளையின் பெயரில், இல்லையேல் தாயின் பெயரில் விண்ணப்பிக்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் தடுப்பூசி அட்டை, ரசீது, மருத்துவப் பதிவேடு எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு அஸருக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.