கடலின் வரவு செலவுக் கணக்கு

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடத்து நாம் முதலில் கேட்பவை மூன்று: வரவு என்ன, செலவு என்ன, கையிருப்பு என்ன? கடல்நீரில் மிக நுண்ணிய அளவில் கரைந்துள்ள உலோகங்களுக்கும் இத்தகைய கணக்கு உண்டு. அதனை அறிவது வெறும் பொழுதுபோக்கன்று. நம் அங்கத்தினர்களின் தொழிலோடும் அது தொடர்புடையது.

ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம் உள்ளது. இரும்போ, நடுக்கடலின் மேல்நீரில் பல பகுதிகளில் 100 கோடி லிட்டருக்குச் சில கிராமே தேறும். முன்னர், கப்பலின் துருவும் பாத்திரத்தின் அழுக்கும் கலந்தமையால் ஆராய்ச்சியாளர் கண்ட அளவுகள் மிகையாயிருந்தன. 1970-களில் மாசுபடாமல் நீர் எடுக்கும் முறை கைவந்த பின்னரே உண்மைக் கணக்கு வெளியாயிற்று.

வரவு தருவன ஆறுகள், பாலைப் புழுதி சுமந்த காற்று, ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகள், கரையோரச் சேறு ஆகியவை. கலங்கல் நீரில் படிகாரம் இட்டால் கசடு திரண்டு தங்குகிறதன்றோ? அதுபோல ஆற்றுநீரின் இரும்பில் பெரும்பகுதி, உப்புநீர் பட்டவுடன் திரண்டு முகத்துவாரத்திலேயே படிந்துவிடுகிறது.

செலவு இருவகைப்படும். துத்தநாகம் போன்றவற்றை மேல்நீரில் வாழும் நுண்பாசிகள் உணவாகக் கொள்கின்றன. அவை மடிந்து கீழிறங்கி அழுகும்போது உலோகம் ஆழத்தில் மீண்டும் கரைகிறது. இது கடன் கொடுத்துத் திரும்பப் பெறுவது போன்றது. ஆதலால் பசிபிக் பெருங்கடலின் ஆழத்தில் துத்தநாகம் மேல்நீரைவிட ஏறக்குறைய 100 மடங்கு உள்ளது. ஈயம், அலுமினியம் முதலியவையோ, நூல் சாயத்தைப் பற்றுவதுபோல், மிதக்கும் துகள்களில் பற்றி அடிச்சேற்றை அடைகின்றன. இது பெரும்பாலும் மீளாச் செலவு. இரும்பு இவ்விரு வழியிலும் செல்வதால் அதன் கையிருப்பு சொற்பமே.

சொற்பமெனினும் அதன் ஆற்றல் பெரிது. தழைச்சத்தும் மணிச்சத்தும் இட்ட நெல், துத்தநாகக் குறைவால் வாடுவதை விவசாயிகள் அறிவர். தென்முனைக் கடலிலும் பசிபிக்கின் சில பகுதிகளிலும் மற்றச் சத்துக்கள் மிகுந்திருந்தும் நுண்பாசிகள் செழிக்காமைக்கு இரும்புக் குறைவே காரணம் என அமெரிக்க அறிஞர் ஜான் மார்ட்டின் கூறினார். 1993-இல் அவர் காலமான சில மாதங்களில், கலாபகஸ் தீவுகளுக்குத் தெற்கே சுமார் 64 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 450 கிலோ இரும்பைக் கலந்து சோதித்தனர். நீரின் பச்சையம் ஏறக்குறைய மும்மடங்காயிற்று.

மனிதர் சேர்க்கும் வரவும் உண்டு. பெட்ரோலில் கலந்த ஈயம் புகையாய்க் கிளம்பி நடுக்கடலிலும் விழுந்தது. 1970-களிலிருந்து அமெரிக்கா அதனைக் குறைக்கவே, பெர்முடாத் தீவருகே மேல்நீரில் ஈயமும் குறைந்து வந்தது. நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் 2000-இல் நிறுத்தப்பட்டது. வரவை நிறுத்தினால் மேல்நீர் மெல்லத் தெளியும். ஆயினும் நீங்கிய உலோகம் அழிந்ததாகாது. அடிச்சேற்றில் இருப்பாக நிற்கும்.

சில சாயங்களில் குரோமியமும் தாமிரமும் உள. கழிவை வாய்க்காலில் விட்டு, ஆறு கொண்டுபோய்விடும் என்றிருப்பது பிழைக்கணக்கு. கடலைச் சேருமுன்னரே அவ்வுலோகம் நம் வாய்க்கால் சேற்றிலும் வயலிலும் தங்கும். நெசவாளர் தொட்டியின் செலவு விவசாயி வயலின் வரவாகும். ஆகவே, சாயக்கழிவைச் சுத்தி செய்யும் ஏற்பாட்டை ஒவ்வொருவர் தலையிலும் விடாமல், சங்கத்தின் பொறுப்பாகவே மேற்கொள்வோமாக.